மௌனம் யாருக்குச் சம்மதம்?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது நம்ம ஊர்ப் பழமொழி. அமெரிக்க அரசியலில் அந்தப் பூசாரி வேலைக்கு ஒரு தனிப் பெயரே இருக்கிறது: இம்பவுண்ட்மென்ட். இந்தக் குறிப்பில் அதை நிதிமுடக்கம் என்று எழுதுகிறேன். விஷயம் எளிமையானது. காங்கிரஸ் (கட்சி இல்லைங்க, அந்த நாட்டு நாடாளுமன்றம்) ஒரு திட்டத்துக்கு இவ்வளவு பணம் என்று சட்டம் போடுகிறது. அதிபரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அதற்குப் பிறகு அதிபரின் ஆட்கள் அந்தப் பணத்தை விடுவிக்காமல் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். சட்டம் காகிதத்தில் அப்படியே இருக்கும். செலவு மட்டும் நடக்காது.

2025-ல் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியில் தொடங்கிப் பல இடங்களில் இதைச் செய்தது. அதைப் பற்றி நடந்த வாதங்களில் ஒரு தரப்பு, "வீண்செலவை வெட்டுறாங்க, நல்லதுதானே" என்றது. இன்னொரு தரப்பு, "இது சர்வாதிகாரம்" என்றது. ரெண்டு பேரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. இதைத் தடுப்பதற்கென்றே 1974-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

ஒரு புத்தகத்தை விமர்சனத்துக்காகப் படிப்பது போல அந்தச் சட்டத்தைப் படித்தால் பதில் கிடைக்கிறது. யாரும் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தால் யார் ஜெயிப்பார்? இந்த ஒரு கேள்விக்கு அந்தச் சட்டம் இரண்டு பதில் வைத்திருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதியில் காங்கிரஸ் ஜெயிக்கும். வருடக் கடைசியில் அதிபர் ஜெயிப்பார். மௌனம் சம்மதம் என்பார்களே, அந்தச் சம்மதம் யாருக்கு என்பது காலண்டரைப் பொறுத்து மாறுகிறது. சட்டத்தின் அடிப்படைக் கோளாறு அதுதான் என்பது என் வாதம்.

ஒதுக்கீடு: அனுமதியா, கட்டளையா?

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவு, சட்டத்தால் ஒதுக்கப்படாமல் கஜானாவிலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்கிறது. இந்திய அரசியலமைப்பின் 114(3) விதியும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. வாக்கியம் ஒன்றுதான், ஆனால் அது வாழும் வீடு வேறு.

இந்தியாவில் பட்ஜெட்டைத் தயாரிப்பதும், மக்களவையில் பெரும்பான்மை வைத்திருப்பதும் ஒரே அரசாங்கம். ஒதுக்கிய பணம் செலவாகாமல் மார்ச் 31-ல் காலாவதியானால் தணிக்கை அறிக்கை அதை 'சேமிப்பு' என்று பட்டியல் போடும். எதிர்க்கட்சி, "ஒதுக்கின பணத்தைக்கூடச் செலவு பண்ணத் தெரியல" என்று திட்டும். நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைப் பறித்துவிட்டார்கள் என்று யாரும் வழக்கமாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் அதிபர் தனியாக ஜெயிக்கிறார், காங்கிரஸ் தனியாக ஜெயிக்கிறது. அதிபர் அனுப்பும் பட்ஜெட் வெறும் வேண்டுகோள். காங்கிரஸ் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் கணக்கை எழுதலாம், பெரும்பாலும் எழுதுகிறது. அதனால் அங்கே அதிபர் ஒரு பணத்தைச் செலவு செய்ய மறுப்பது சோம்பேறித்தனம் ஆகாது. தான் தோற்ற வாக்கெடுப்பைப் பின்வாசல் வழியாக ஜெயிப்பது அது.

அதிபர் பக்கம் பேசுகிறவர்கள் எப்போதும் எடுத்து வைக்கும் முதல் சான்று ஜெஃபர்சன். 1803-ல் காங்கிரஸ் துப்பாக்கிப் படகுகளுக்கு 50,000 டாலர் ஒதுக்கியது. ஜெஃபர்சன் உடனே செலவு செய்யவில்லை. லூசியானா நிலப்பரப்பை பிரான்சிடமிருந்து வாங்கியாகிவிட்டது, மிசிசிப்பி ஆற்றில் அவசரம் இல்லை என்று காங்கிரஸுக்கே அறிவித்தார். "பாருங்க, 200 வருஷமா அதிபர்கள் செய்றதுதான்" என்பார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தின் வாசகம் என்ன? 15 படகுகளுக்கு மேற்படாமல், 50,000 டாலருக்கு மேற்படாமல் வாங்கிக்கொள்ள அதிபருக்கு அதிகாரம் உண்டு என்பதுதான். அது அனுமதி. 'வாங்கியே தீரணும்' என்ற கட்டளை அதில் இல்லை. அடுத்த வருடம் அவர் படகு வேலையைத் தொடங்கவும் செய்தார். அனுமதி கொடுத்த ஒன்றைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதை, கட்டளையை மீறும் உரிமைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சண்டை பெரும்பாலும் ராணுவ விஷயத்தில் நடந்தது. 1949-ல் விமானப்படையை விரிவாக்கக் காங்கிரஸ் கூடுதலாகக் கொடுத்த பணத்தை ட்ரூமன் முடக்கி வைத்தார். 1962-ல் பி-70 குண்டுவீச்சு விமானத்துக்குப் பணத்தைச் செலவிட வேண்டும் என்று 'கட்டளையிட' கீழவையின் ராணுவக் கமிட்டித் தலைவர் கார்ல் வின்சன் கிளம்பினார். கென்னடி அவரை வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கூட்டிக்கொண்டு நடந்து பேசினார். கட்டளை என்ற சொல் மசோதாவிலிருந்து எடுக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது, ரெண்டு பேருக்குமே அந்தச் சொல்லின் கனம் தெரிந்திருந்தது. அதனால்தான் அதைச் சுற்றி இவ்வளவு பேச்சு.

நிக்சனும் சாக்கடைத் தண்ணீரும்

நிலைமையை மாற்றியவர் நிக்சன். 1972 அக்டோபரில் தண்ணீர் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத் திருத்தத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. ஊர்களின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மூன்று வருடத்தில் 1,800 கோடி டாலர். செலவு அதிகம் என்று நிக்சன் அதைத் தன் வீட்டோ அதிகாரத்தால் நிராகரித்தார். மறுநாளே இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அந்த நிராகரிப்பைத் தூக்கி எறிந்தன. அரசியலமைப்பு தரும் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதிபர் தோற்றுவிட்டார்.

நிக்சன் அடுத்து என்ன செய்தார்? முதல் வருடத்துக்கான 500 கோடியில் 200 கோடியை மட்டும், இரண்டாம் வருடத்துக்கான 600 கோடியில் 300 கோடியை மட்டும் பிரித்துக் கொடுக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவருக்கு உத்தரவிட்டார். வாக்கெடுப்பில் தோற்றதில் பாதிக்கு மேல் கடித மூலம் திரும்பக் கிடைத்துவிட்டது. 1973 ஜனவரியில் வீட்டு வசதித் திட்டங்களையும் நிறுத்தி வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. 1969-லேயே நிக்சனின் சொந்த நீதித்துறையில் இருந்த ஓர் அதிகாரி, காங்கிரஸ் செலவிடச் சொன்ன பணத்தைச் செலவிட மறுக்கும் பொதுவான அதிகாரம் அதிபருக்கு இல்லை என்று சட்டக் கருத்து எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பெயர் வில்லியம் ரென்க்விஸ்ட். பின்னாளில் அவரே சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி. இடதுசாரி என்று யாரும் சொல்ல முடியாத ஆள்.

நியூயார்க் நகரம் வழக்குப் போட்டது. 1975 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் நீதிமன்றம் அரசியலமைப்புக் கேள்விக்குள் போகவில்லை. இந்தச் சட்டத்தின் வாசகப்படி முழுத் தொகையையும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்த ஜாக்கிரதையின் விலையை ஐம்பது வருடம் கழித்தும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடிகாரத்தை வைத்தவர்கள்

தீர்ப்பு வருவதற்கு முன்பே காங்கிரஸ் தன் சட்டத்தைப் போட்டுவிட்டது. கீழவையில் 401-க்கு 6, செனட்டில் 75-க்கு 0. 1974 ஜூலை 12-ல் நிக்சனே கையெழுத்துப் போட்டார். வாட்டர்கேட் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். நாலு வாரத்தில் பதவி விலகினார்.

சட்டம் சொல்வது இது. அதிபருக்கு ஒரு ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டுமா? காங்கிரஸுக்கு எழுதிக் கேட்கட்டும். கேட்டுவிட்டு, தொடர் அமர்வில் 45 நாள் வரை பணத்தைப் பிடித்து வைக்கலாம். அதற்குள் இரண்டு அவையும் ரத்து மசோதாவை நிறைவேற்றினால் சரி. நிறைவேற்றவில்லை என்றால் பணத்தை விடுவிக்க வேண்டும். காங்கிரஸ் 'முடியாது' என்று வாக்களிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சும்மா இருந்தாலே போதும்.

இது நல்ல வடிவமைப்பு. ஏற்கெனவே இரண்டு அவையும் வாக்களித்து, அதிபர் கையெழுத்திட்டு ஒரு சட்டம் இருக்கிறது. அதை மாற்ற நினைப்பவர்தான் மெனக்கெட வேண்டும். மாற்றாமல் இருக்க யாரும் உழைக்க வேண்டியதில்லை. மௌனம் இருக்கும் சட்டத்துக்குச் சம்மதம்.

நிர்வாகத்தைக் கட்டிப்போடும் சட்டம் என்றும் இதைச் சொல்ல முடியாது. திறமையாகச் செய்து மிச்சம் பிடித்தாலோ, எதிர்பாராத தேவைக்கு ஒதுக்கி வைத்தாலோ தற்காலிகமாக ஒத்திவைக்க இடம் உண்டு. 100 ரூபாய்ப் பாலத்தை 80 ரூபாயில் கட்டி முடித்தால் மீதி 20-ஐ ஆற்றில் கொட்டச் சொல்லவில்லை. பாலமே வேண்டாம் என்று அதிபர் தனியாக முடிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

கோளாறு எங்கே? அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. பல ஒதுக்கீடுகள் அன்றோடு காலாவதி. (ஜூன் 30-ல் முடிந்துகொண்டிருந்த ஆண்டை செப்டம்பர் 30-க்கு மாற்றியதும் இதே 1974 சட்டம்தான்.) இப்போது அதிபர் ஆகஸ்ட் கடைசியில் ரத்துக் கோரிக்கையை அனுப்புகிறார் என்று வையுங்கள். 45 நாள் பிடித்து வைக்க உரிமை இருக்கிறது என்கிறார். ஆனால் பணத்தின் ஆயுளே ஒரு மாதம்தான். காங்கிரஸ் சும்மா இருந்தால் பணம் தானாகச் செத்துப்போகும். பிப்ரவரியில் 'செலவு செய்' என்று பொருள்பட்ட அதே மௌனம், ஆகஸ்டில் 'வெட்டு' என்று பொருள்படுகிறது. இதற்குப் பாக்கெட் ரத்து என்று பெயர்.

சட்டத்தின் காவல்காரராக வைக்கப்பட்டவர் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.வின் தலைவர். அந்த அமைப்பு 2018 டிசம்பரிலேயே, காலாவதி ஆகும்வரை பணத்தைப் பிடித்து வைக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று தெளிவாகக் கருத்துச் சொன்னது. 45 நாள் என்பது காங்கிரஸ் யோசிக்கக் கொடுத்த நேரம், அதிபருக்குக் கொடுத்த கத்தரிக்கோல் அல்ல என்பதே அதன் சாரம். இதுதான் சரியான வாசிப்பு என்றே நினைக்கிறேன். ஒரு சட்டத்தின் ஒரு விதி, அந்தச் சட்டத்தின் நோக்கத்தையே ஒழித்துவிடும்படி படிக்கக் கூடாது.

ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் அதைப் பச்சையாக எழுதி வைக்கவில்லை. இன்னும் மோசம், காவல்காரர் கையையும் அவர்களே கட்டிவிட்டார்கள். ஜி.ஏ.ஓ. தலைவர் வழக்குப் போட வேண்டுமென்றால் முதலில் காங்கிரஸுக்கு அறிக்கை கொடுத்துவிட்டு, அமர்வுக் கணக்கில் 25 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு மாதம் ஆயுள் உள்ள பணத்துக்கு 25 நாள் நோட்டீஸ்! திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது பதிவுத் தபாலில் எச்சரிக்கை அனுப்புவது மாதிரி.

அந்தப் பதவியிலிருந்து முதல் வழக்கு 1975-ல் ஃபோர்டு அரசுக்கு எதிராக வந்தது. பணம் விடுவிக்கப்பட்டதால் தீர்ப்பு இல்லாமலே முடிந்தது. 2020 ஜனவரியில், உக்ரைனுக்கான ராணுவ உதவியில் சுமார் 21.4 கோடி டாலரை முந்தைய கோடையில் நிறுத்தி வைத்தது சட்டமீறல் என்று ஜி.ஏ.ஓ. எழுதியது. 2025 மே மாதம் மின்வாகன சார்ஜிங் நிலையத் திட்டம், ஜூலையில் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டம் என்று மீறல் பட்டியல் நீண்டது. கருத்துகள் வந்தன. அந்த ஆண்டில் வழக்கு வரவில்லை.

மௌனத்தின் நாலு பதில்கள்

1974-க்குப் பிறகு நடந்த எல்லாச் சண்டையையும் இந்த ஒரே கேள்வியை வைத்து அடுக்கிவிடலாம்.

ரத்துக் கோரிக்கை: காங்கிரஸ் சும்மா இருந்தால் செலவு நடக்கும்.

ஒத்திவைப்பு: இதே சட்டத்தின் இன்னொரு வழி. காங்கிரஸ் சும்மா இருந்தால் பணம் வருடக் கடைசிவரை நிற்கும், ஏதாவது ஓர் அவை மறுத்தால் விடுவிக்க வேண்டும். 1983-ல் சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில், ஓர் அவை மட்டும் தனியாக மறுத்து நிர்வாக முடிவை ரத்து செய்வது செல்லாது என்றது. அதனால் அதிபருக்கு ஒத்திவைக்கும் அதிகாரம் மிஞ்சியது, காங்கிரஸின் பிரேக் மட்டும் பிடுங்கப்பட்டது. ரீகன் அரசு அதைப் பயன்படுத்திக்கொண்டது. 1987-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரேக் இல்லாத வண்டியைக் காங்கிரஸ் கொடுத்தே இருக்காது என்ற ரீதியில், கொள்கைக் காரணத்துக்காக ஒத்திவைக்கும் அதிகாரத்தையே சேர்த்து நீக்கியது. நியாயமான முடிவு.

வரிவாரி வீட்டோ: 1996-ல் குடியரசுக் கட்சிக் காங்கிரஸே விரும்பி கிளிண்டனுக்குக் கொடுத்த அதிகாரம். கையெழுத்திட்ட பட்ஜெட்டிலிருந்து சில வரிகளை அதிபர் அடிக்கலாம். காங்கிரஸ் சும்மா இருந்தால் அடித்தது அடித்ததுதான். 1997-ல் கிளிண்டன் 82 இடங்களில் அடித்தார். 1998 ஜூனில் சுப்ரீம் கோர்ட் 6-க்கு 3 என்ற கணக்கில் செல்லாது என்றது.

பாக்கெட் ரத்து: காங்கிரஸ் சும்மா இருந்தால் பணம் காலாவதி. வரிவாரி வீட்டோ கொடுத்த அதே விளைவு. வித்தியாசம் என்னவென்றால், அதையாவது காங்கிரஸ் வாக்களித்துக் கொடுத்தது. இதை யாரும் கொடுக்கவில்லை. வாக்களித்துக் கொடுத்தாலே செல்லாது என்ற அதிகாரம், கொடுக்காமலே எடுத்துக்கொண்டால் எப்படிச் செல்லும்? இந்தக் கேள்விக்கு அதிபர் தரப்பிடமிருந்து திருப்தியான பதிலை நான் இன்னும் படிக்கவில்லை.

ஜூலையும் ஆகஸ்டும்

2025-ல் இரண்டு மாத இடைவெளியில் ரெண்டு மாதிரியும் நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ஜூன் ஆரம்பத்தில் அதிபர் 940 கோடி டாலரை ரத்து செய்யக் கேட்டார். பெரும்பகுதி வெளிநாட்டு உதவி, 110 கோடி பொது ஒலிபரப்புக்கானது. காங்கிரஸ் விவாதித்தது. எய்ட்ஸ் தடுப்புக்கான பெப்ஃபார் திட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று ஆளும் கட்சி செனட்டர்களே சொன்னதால் அந்த 40 கோடி வெட்டு நீக்கப்பட்டது. கடைசியில் சுமார் 900 கோடி. செனட்டில் 51-48, கீழவையில் 216-213. ஜூலை 24-ல் சட்டமானது.

அந்த வெட்டு எனக்கு உவப்பானது அல்ல. உள்ளூர் வானொலி நிலையங்களின் கழுத்தில் கை வைத்த வெட்டு அது. ஆனாலும் முறை சரி. யார் வெட்டினார்கள் என்று பெயரோடு பதிவாகியிருக்கிறது. அடுத்த தேர்தலில் வாக்காளர் அவர்களைக் கேட்கலாம். விவாதம் நடந்ததால் ஒரு திட்டம் பிழைத்தது. சட்டமன்றம் என்ற ஒன்று எதற்கு இருக்கிறதோ, அது நடந்தது.

ஆகஸ்ட் இறுதியில் இன்னொரு கோரிக்கை வந்தது: வெளிநாட்டு உதவியில் 490 கோடி டாலர். செப்டம்பர் 30-க்கு ஒரு மாதம் பாக்கி. ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அதிபர்கள் தொடாத பாக்கெட் ரத்து. இம்முறை வாக்கெடுப்பு இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை. எந்த உறுப்பினரும் 'நான்தான் வெட்டினேன்' என்று சொல்ல வேண்டியதில்லை, 'நான் தடுத்தேன்' என்று காட்ட வழியும் இல்லை.

இதில் ஒரு எண் கணக்கு இருக்கிறது. செனட்டில் ஒதுக்கீட்டு மசோதாவை விவாதத் தடையைத் தாண்டி நிறைவேற்றப் பொதுவாக 60 வாக்கு தேவை. அதாவது எதிர்க்கட்சியில் சிலரோடு பேரம் பேசியாக வேண்டும்: உனக்கு இது, எனக்கு அது. ரத்து மசோதாவுக்கு 1974 சட்டம் கொடுத்த விரைவுப் பாதையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். பாக்கெட் ரத்துக்கு ஒரு வாக்குகூட வேண்டாம். அறுபது பேர் சேர்ந்து கட்டிய வீட்டை ஐம்பத்தொரு பேர் இடிக்கலாம், அல்லது யாருமே கை தூக்காமல் இடிக்கலாம் என்றால், அடுத்த முறை அந்த அறுபது பேர் ஏன் ஒன்று சேர வேண்டும்? அக்டோபர் 1-ல் அரசு முடங்கியது. 43 நாள், அந்த நாட்டு வரலாற்றில் அதுவரை நடந்ததிலேயே நீளமானது. முக்கியச் சண்டை மருத்துவக் காப்பீட்டு மானியம் பற்றியது. ஆனால் ஒப்புக்கொண்ட பணத்தை அதிபர் பிறகு தனியாக முடக்க முடியாது என்ற உத்தரவாதமும் எதிர்க்கட்சியின் கோரிக்கையில் இருந்தது. கைகுலுக்கியதற்கு மதிப்பில்லை என்றால் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

கோர்ட் செய்தது

உதவி நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. மாவட்ட நீதிபதி செப்டம்பர் ஆரம்பத்தில் பணத்தைச் செலவிட உத்தரவிட்டார். செப்டம்பர் 26-ல், காலாவதிக்கு நாலு நாள் முன்பு, சுப்ரீம் கோர்ட் 6-க்கு 3 என்று அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. சுமார் 400 கோடி டாலர் விவகாரம். இது இறுதித் தீர்ப்பு அல்ல என்று கோர்ட் சொல்லிக்கொண்டது. காலாவதியாகும் பணத்தின் விஷயத்தில் இடைக்கால உத்தரவும் இறுதி உத்தரவும் ஒன்றுதான். தண்டவாளத்தில் ஆள் படுத்திருக்கும்போது ரயில் நேரத்தை அப்புறம் முடிவு செய்யலாம் என்பது போல.

காரணமாகச் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. 1974 சட்டம் இருப்பதாலேயே தனியார் அமைப்புகள் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் கீழ் இப்படி வழக்குப் போட முடியாமல் போகலாம் என்பது பெரும்பான்மையின் முதல் பார்வை. அதாவது, கேட்க வேண்டியவர் ஜி.ஏ.ஓ. தலைவர். அவருக்குத்தான் 25 நாள் காத்திருப்பு!

1974 சட்டத்தின் ஆரம்பத்திலேயே ஒரு விதி இருக்கிறது. நிதிமுடக்கம் பற்றிய வழக்குகளில் யாருடைய கோரிக்கையையும் எதிர்வாதத்தையும் இந்தச் சட்டம் பாதிக்காது என்பது அது. அன்று நியூயார்க் வழக்கு உட்படப் பல வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. அவற்றைக் கெடுக்கக் கூடாது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். அதிபரைக் கட்டுப்படுத்த ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம், அதிபருக்கு எதிரான வழக்கைத் தடுக்கும் கதவாக மாறியது விசித்திரம். வேலி போட்ட பிறகு, வேலி இருக்கிறதே, இனி நாய் எதற்கு என்று கேட்பது போல் இருக்கிறது.

'ஆனா பணம் மிச்சமாச்சே?'

இது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. அமெரிக்கக் கடன் உண்மையான பிரச்சினை. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்குச் சலுகை வாங்குவதும் உண்மை.

கணக்குப் பார்ப்போம். 2025 நிதியாண்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 7 லட்சம் கோடி டாலர். ஜூலை வெட்டும் ஆகஸ்ட் வெட்டும் சேர்ந்து 1,390 கோடி. மாதம் 50,000 ரூபாய் செலவு செய்யும் குடும்பம் 100 ரூபாய் குறைத்த மாதிரி. காங்கிரஸ் வருடா வருடம் ஒதுக்குவது மொத்தச் செலவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மற்றது முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, கடன் வட்டி. 2024 தேர்தல் பிரசாரத்தில் எலான் மஸ்க் 2 லட்சம் கோடி டாலர் குறைக்கலாம் என்றார். நடந்தது என்ன? 2025 நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிட அதிகம். நிதிமுடக்கத்தால் கடன் குறையாது. யாருடைய திட்டம் சாகும் என்பது மட்டும் மாறும்.

காங்கிரஸ் வெட்டவே வெட்டாது என்பதும் உண்மை இல்லை. 1974-க்குப் பிந்தைய சில பத்தாண்டுகளைப் பார்த்தால், அதிபர்கள் ரத்து செய்யக் கேட்ட மொத்தத் தொகையைவிடக் காங்கிரஸ் தானாகவே முன்வந்து ரத்து செய்த தொகை பெரிது. 2018-ல் டிரம்ப் கேட்ட சுமார் 1,500 கோடி டாலர் ரத்து கீழவையில் நாலு வாக்கில் தேறியது, செனட்டில் 48-50 என்று தோற்றது. வெட்டும் கை இருக்கிறது. எதை வெட்டுவது என்று வாக்களித்துச் சொல்ல வேண்டும், அதுதான் நிபந்தனை.

குறை யாருடையது

எல்லாப் பழியையும் ஓர் அதிபர் மேல் போடுவது எளிது. ட்ரூமன், கென்னடி, ரீகன் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். அதிபர் அதிகாரம் தேடுவது இயல்பு. காங்கிரஸ் தன் அதிகாரத்தைப் பொறாமையோடு காக்கும் என்று மேடிசன் நம்பினார். உறுப்பினர்களுக்குத் தங்கள் அவையைவிடத் தங்கள் கட்சி பெரிதாகிவிடும் நாளை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆளும் கட்சி உறுப்பினருக்குப் பாக்கெட் ரத்து ஒரு வசதி: கெட்ட பெயர் அதிபருக்கு, கைதட்டல் இருந்தால் நமக்கும் பங்கு. எதிர்க்கட்சி உறுப்பினர் கத்துவார். தன் கட்சி அதிபர் வந்ததும் அமைதியாகிவிடுவார்.

சட்டத்தைச் சரி செய்வது கஷ்டமான வேலை அல்ல. காலாவதிக்கு முன் கடைசி மாதங்களில் பணத்தைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஒரு வரி. பிடித்து வைத்த நாட்களுக்கு ஈடாகப் பணத்தின் ஆயுள் நீளும் என்று இன்னொரு வரி. காத்திருப்பு இல்லாமல் ஜி.ஏ.ஓ.வும், பாதிக்கப்பட்டவரும் வழக்குப் போடலாம் என்று மூன்றாவது வரி. நிதிமுடக்கத்துக்குக் கடிவாளம் போடும் விதிகள் கொண்ட ஒரு மசோதாவை 2021 டிசம்பரில் கீழவை நிறைவேற்றவும் செய்தது. அன்று அதிபர் பைடன், அவர் கட்சிதான் கீழவையில் பெரும்பான்மை. செனட்டில் அது நகரவில்லை.

இந்த மூன்று வரியில் எதுவுமே அதிபர் வெட்டுவதைத் தடுக்காது. அவர் எத்தனை கோடி வேண்டுமானாலும் கேட்கலாம், ஜூலையில் கேட்டது போல. வாக்கெடுப்பு நடக்கும். சில ஜெயிக்கும், சில தோற்கும். நடக்காமல் போவது ஒன்றே ஒன்று: யாரும் வாயே திறக்காத ஒரு செப்டம்பரில், இரண்டு அவை நிறைவேற்றிய சட்டம் சத்தமில்லாமல் செத்துப்போவது.

இனி அமெரிக்க பட்ஜெட் செய்தி படிக்கும்போது தொகையைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். கோரிக்கை எந்த மாதம் போயிருக்கிறது, பணம் எந்த நாளில் காலாவதி ஆகிறது. அந்த ரெண்டு தேதிக்கும் இடையில் 45 நாள் இல்லை என்றால், அங்கே வாக்கெடுப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை என்று அர்த்தம்.